ரெண்டு கட்டையில் நின்ற பெட்டி

இன்றைக்குக் காலை பிரேயரில் நானூறு பிள்ளைகளும் ஒன்றாகக் கீச்சிட்டார்கள். நீ பார்த்திருந்தால் மைதானத்திலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய். முதல் இரண்டு வரியை எப்படியோ தாண்டிவிட்டார்கள். மூன்றாவது வரியில் பாட்டு மேலே ஏறுமே, அங்கே பையன்கள் முதலில் கைவிட்டார்கள். பெண் பிள்ளைகள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள், பிறகு அவர்களும் உடைந்தார்கள். தமிழம்மா இருமல் வந்ததுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். சின்னத் திரையின் மூலையில் 2 என்று இருந்தது.

நேற்று சாயங்காலம் எட்டாம் வகுப்பு யாழினி அதை நோண்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பட்டனை அழுத்தினாளோ. அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. வாசிக்கிறவன்தான் பார்த்து வாசிக்கவேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லித்தரத் தகுதியில்லாதவன் என்று உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தனும் நான்கு மாதத்துக்கு முன்னால் போய்விட்டான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் பீரியட் எனக்கு வகுப்பில்லை. மியூசிக் ரூம் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ரூம் உனக்குத் தெரியும். ஒருமுறை உன்னையும் என்னோடு உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

விழுப்புரத்தில் நம் கல்லூரியில் எத்தனையோ பேர் பாடினார்கள், ஆடினார்கள். நாம் ஏழு பேர் மட்டும் நம்மை ஆர்கெஸ்ட்ரா என்று சொல்லிக்கொண்டோம். அதில் இரண்டு பேர் தாளம்: கோட்டக்குப்பத்து சாதிக் டோலக்கு, அவன் பக்கத்தில் ரிதம் பேடு தட்ட இன்னொருத்தன். மூன்று பெண்கள் கோரஸ். பாட நீ. சுருதிக்கு நான் ஒருத்தன்தான். கிடாரும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. "எல்லாரும் ஓடிக்கினே இருக்கலாம், இவன் வுழுந்தா வண்டியே குடை சாஞ்சிரும்" என்று சாதிக் என்னைக் காட்டிச் சொல்வான். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில்தான் பிராக்டிஸ். ஜங்ஷன் பக்கம் என்பதால் பாட்டு நடுவில் ரயில் வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். கூட்ஸ் வண்டி என்றால் நீ பெட்டிகளை எண்ணுவாய். ஒரு தடவைகூட நீயும் நானும் ஒரே எண்ணைச் சொன்னதில்லை.

எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே இடத்தில்தான். பாட்டின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு என்று. நிஜமான கீபோர்டுக்காரர்கள் கட்டைக்குத் தகுந்தபடி விரலை நகர்த்தி வாசிப்பார்கள். நான் திண்டிவனத்தில் மாமாவின் டைல்ஸ் கடை மாடியில் தானாகக் கற்றுக்கொண்டவன். விரல் ஒரு கட்டையைத் தாண்டி நகராது. பாட்டு வேறு கட்டை என்றால் பட்டனை அழுத்திப் பெட்டியையே மேலே ஏற்றிவிடுவேன். என் கை அதே இடத்தில் இருக்கும், சத்தம் மட்டும் ஏறிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டாய்.

"டேய், இவன் கீபோர்டு ப்ளேயர் இல்லடா. பட்டனு."

மூன்று வருஷம் நான் பட்டன்தான். அட்டெண்டன்ஸில் என் நிஜப் பெயரைக் கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்த்து யாரைச் சொல்கிறார்கள் என்று தேடுவதுபோல நடிப்பாய்.

என் கையில் அவ்வளவு நம்பிக்கை இல்லாததால் நீயே ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். எந்தப் பாட்டுக்கும் முன்னால் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, "கட்ட?" என்பாய். நான் திரையைப் பார்த்து "ஒன்னு" என்றோ "ரெண்டு" என்றோ சொல்லவேண்டும். சொன்னபிறகுதான் சாதிக் கையைத் தூக்குவான். கோயில் மேடை, கல்யாண மேடை, காலேஜ் டே எல்லாவற்றிலும் இதுதான். கேட்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிரம்மதேசத்தில் கோயில் திருவிழாவுக்குப் போனோமே, பாட்டு நடுவில் கரண்டு போயிற்று. கீபோர்டு செத்துவிட்டது, மைக் செத்துவிட்டது. சாதிக் டோலக்கை விடவில்லை. நீயும் விடவில்லை, மேடை விளிம்புக்கு வந்து வெறும் தொண்டையில் பாடினாய். சாயங்கால வெளிச்சத்தில் ஜனம் கிட்டே நகர்ந்து வந்தது. ஒரு சரணம் முழுக்க அப்படிப் போனபிறகு கரண்டு வந்தது. நான் பயந்துகொண்டே விரலை வைத்தேன். நீ நூல் பிசகாமல் அதே கட்டையில் நின்றுகொண்டிருந்தாய். உன் காது அப்படிப்பட்ட காது. பின்னால் இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட காதை ஏமாற்றிவிட்டதாக நான் எப்படித்தான் நம்பினேனோ.

கடைசி வருஷம் பல்கலைக்கழகக் கலைவிழா நம் ஊரிலேயே நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கிற ஆட்களைப் பல்கலைக்கழகக் குழுவில் சேர்த்து வெளிமாநிலத்துக்கு அனுப்புவார்கள் என்றார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் சென்னையில் இசை படிக்க இடம் கிடைக்கும் என்றும் யாரோ சொன்னார்கள். உன் அப்பா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வல்லத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற நாலு ஏக்கர், ஒரே பிள்ளை.

"ஜெயிச்சிட்டு வந்தன்னா எங்க வேணா போ. நான் இன்னான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டன். இல்லன்னா ஆடிப் பட்டத்துக்கு வூட்டுக்கு வந்துரு. மல்லாட்ட போடணும்."

நீ இதை எங்களுக்கு நடித்துக் காட்டினாய், அவர் துண்டை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டு. எல்லாரும் சிரித்தோம். பிறகு கொட்டகைக்கு வெளியே வந்து நீ என்னிடம் தனியாகச் சொன்னாய்: "பேஜாரா இருக்குதுடா. இதுல மாட்டிக்கினா நான் வெளிய வர மாட்டன்." எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் மாமாவின் டைல்ஸ் கடை நின்றுகொண்டிருந்தது. நம் இரண்டு பேருக்கும் ஒரே கதவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நமக்கு இரண்டு உருப்படி. முதலில் மூன்று பெண்களும் பாடுகிற குழுப்பாட்டு, இரண்டு கட்டை. அது முடிந்ததும் உன் தனிப்பாட்டு, ஒரு கட்டை. அந்தப் பாட்டுக்கு மெட்டு நீயே போட்டது. "ஏரி நெறஞ்சா சொல்லி அனுப்பு" என்று ஆரம்பிக்கும். சரணத்தின் முடிவில் அந்த 'அனுப்பு' மேல் பஞ்சமம் வரை ஏறிப்போய் நிற்கும். ஒரு கட்டையில் அதுதான் உன் தொண்டையின் கூரை. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இடமில்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி வைத்தாய்.

குழுப்பாட்டு நன்றாக அமைந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் தொகுப்பாளர் உன் பெயரைச் சொல்லிவிட்டார். ஜல்தி ஜல்தி என்று ஓரத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நீ மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினாய்.

"கட்ட?"

எதிரே மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கைகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, "ஒன்னு" என்றேன்.

திரையைப் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் மறதி. ஊரில் கீபோர்டு தொட்ட எவனும் ஒருநாள் செய்திருப்பான். இதைச் சொல்லியிருந்தால் நீ என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பாய், அவ்வளவுதான். நான் சொல்லாமல் வைத்திருந்தது இதற்குப் பிறகு நடந்தது.

முன்னிசையை வாசித்தேன். நீ பல்லவி எடுத்தாய். இரண்டாவது வரியில் ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன், உற்சாகப்படுத்துகிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன். பல்லவி முடிந்ததும் டோலக்கும் பேடும் மட்டும் நான்கு சுற்று போகும். கைதட்டல் வாங்கவென்றே நாம் வைத்த இடம். அந்த நான்கு சுற்றில் எனக்கு வேலை கிடையாது. கையை எடுத்தேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

2.

இடது கை விரல் தானாகவே அந்தப் பட்டனுக்குப் போயிற்று. ஓர் அழுத்துக்கு அரைக் கட்டை, இரண்டு அழுத்து அழுத்தினால் போதும், ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். நேரம் இருந்தது. நான்கு சுற்று என்பது எவ்வளவு நேரம் என்று உனக்கே தெரியும். ஆனால் அடுத்து நான் எடுக்கிற இசை கீழே இருந்து வரும். நடுவில் சுருதி இறங்கியது மண்டபத்துக்கே தெரியும். கீபோர்டுக்காரன் தப்பு பண்ணிவிட்டான் என்று அந்தக் கண்ணாடிக்காரர் எழுதுவார். இறக்காவிட்டால்? இறக்காவிட்டால் தப்பு என் கையில் தெரியாது. உன் தொண்டையில்தான் தெரியும்.

இவ்வளவையும் நினைத்தேன். இதை இப்படி வாக்கியமாக நினைக்கவில்லை, ஆனால் நினைத்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

நீ சரணம் பாடினாய். மேலே போகப்போக உன் கழுத்து நரம்பு புடைத்தது. 'அனுப்பு' என்ற இடத்தில் உன் குரல் ஈர வேட்டி கிழிகிற மாதிரி கிழிந்தது. பின்வரிசையில் எவனோ ஊளையிட்டான். நீ நிறுத்தவில்லை. கிழிந்த குரலோடு அந்தப் பாட்டைக் கடைசி வரை கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டாய்.

நடுவர் உன்னைப் பார்த்து, "தம்பி, அவங்கவங்க தொண்டைக்கு எது கட்டைன்னு தெரிஞ்சிக்கிட்டுப் பாடணும்" என்றார்.

"சரிங்க சார்" என்றாய்.

அப்புறம் என்னைப் பார்த்தார். "கீபோர்டு தம்பி, கை சுத்தம்."

அவர் வாசிப்பைச் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை அதற்கப்புறம் யார் எதற்குச் சொன்னாலும் நான் அந்த இடத்தில் நின்றதில்லை. மளிகைக் கடையில் யாரோ யாரையோ "கை சுத்தமான ஆளு" என்று சொன்னால்கூட நான் சாமானை வாங்காமல் வந்திருக்கிறேன்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் சாதிக் உன்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாடா ஆச்சி உனுக்கு? ப்ராக்டிஸ்ல பட்டாசா பாடுவ?"

"காலைல ஐஸ் மோரு குடிச்சன்டா. தொண்ட கட்டிக்கிச்சி."

நீ எந்த மோரும் குடிக்கவில்லை. காலையிலிருந்து நான் உன்னோடுதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் பொங்கலும் வடையும் தின்றுவிட்டு டீ குடித்தோம். நீ அந்தப் பொய்யைச் சொல்லும்போது சாதிக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "வுடு, பட்டனு நல்லா வாசிச்சான்ல" என்றாய். நான் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தேன். அது அவிழ்ந்தே இருக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நீ செஞ்சி பஸ்ஸில் ஏறினாய். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். நான் திண்டிவனம் பஸ்ஸில் கடைசி வரை நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. பக்கவாத்தியத்துக்கு என் பெயர். பாட்டில் வேறு கல்லூரிப் பையன் பெயர். ஆடிப் பட்டத்துக்கு நீ வீட்டுக்குப் போனாய், நான் வெளிமாநிலத்துக்குப் போனேன். திரும்பி வந்து அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கினேன். டைல்ஸ் கடைக்குத் தப்பித்தேன் என்று மாமாவிடம் மார் தட்டினேன். தப்பித்து வந்து விழுந்த இடம் இது. முன்பு கெமிஸ்ட்ரி லேப் சாமான் வைத்திருந்த ரூம், ஜன்னல் கிடையாது, மேலே ஃபேன் ஓட்டை ஒன்று, அதிலும் ஃபேன் இல்லை. பதினோரு வருஷமாக எந்த மழைநாளிலும் சுவரிலிருந்து ஆசிட் நாற்றம் வரும். தினமும் அதே பிரேயர் பாட்டு, அதே ஒரு கட்டை. வேறு வேலைக்குப் போயேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டு தடவை விண்ணப்பம் எழுதினேன். தகுதிகள் என்ற இடத்தில் அந்தச் சான்றிதழைப் பற்றி எழுதவேண்டிய வரி வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அதை எழுதாமல் எனக்கு வேறு தகுதியும் இல்லை. உள்ளே வந்த வழியாகத்தானே வெளியே போகவேண்டியிருக்கிறது.

நீ இந்த ரூமுக்கு வந்த சனிக்கிழமை நினைவிருக்கிறதா? இங்கே மார்க்கெட் கமிட்டியில் விற்க மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாய். வேலை முடிந்ததும் ஒரு மஞ்சள் பையில் பச்சை மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் வந்துவிட்டாய். கல்யாணம் ஆகிக் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. அரை நாள் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு நாம் உள்ளே பேசிக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் ஆள் இருப்பது தெரியாமல் வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். என் போன் ஆபீஸ் லாக்கரில். உன் போனில் சிக்னல் இல்லை. கொஞ்சநேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தோம்.

"நீ டெய்லி இதுக்குள்ளதான் இருக்கியாடா?"

"ஆமா."

"காத்தே வரலியே. எங்க மோட்டார் கொட்டாய்லகூட ஒரு ஜன்னலு வெச்சிக்கீறன்."

சிரித்தோம். மல்லாட்டையை உரித்துத் தின்றோம். தோல் தரையெல்லாம் குவிந்தது. பிறகு நீ, "அந்தப் பாட்ட வாசி" என்றாய்.

"எத?"

"எதன்னு தெரியாதா உனுக்கு?"

கீபோர்டைப் போட்டேன். நீ சுவரில் சாய்ந்தபடியே, "கட்ட?" என்றாய்.

இந்த முறை பார்த்தேன். நன்றாகக் குனிந்து பார்த்தேன். "ஒன்னு."

"பாத்து சொன்னியா?"

நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கதவு பூட்டியிருக்கிறது, வாட்ச்மேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இரண்டு பேரும் வெளியே போக முடியாது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எவனுக்கும் கிடைக்காது. நான் முன்னிசையை வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்துவிட்டு நீ எடுப்பாய் என்று காத்திருந்தேன். நீ எடுக்கவில்லை.

"வேணாம்டா. இப்பல்லாம் ஒன்னுல பாட்றதில்ல நானு" என்றாய்.

வயதாக ஆகக் குரல் இறங்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வாட்ச்மேன் வந்து கதவைத் திறந்தபோது உன்னைவிட முன்னால் நான்தான் வெளியே ஓடினேன்.

அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவில்லை. இப்போது துபாயில் இருக்கிற சாதிக்தான் நம் வாட்ஸப் குழுவில் அழுதுகொண்டே பேசி அனுப்பினான். மஞ்சள்காமாலை. ஒன்பது நாள். முதல் நான்கு நாள் வெறும் சூடு என்று நினைத்துக்கொண்டு நீ இளநீர் குடித்திருக்கிறாய். உடலை எடுப்பதற்குள் என்னால் வர முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வரப் பயந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். செஞ்சி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. உன் அப்பா பந்தலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "நீயாச்சும் பாட்டுலயே கீற இல்ல, இருப்பா" என்றார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது உன் மனைவி சுமதி பின்னாலேயே வந்தாள்.

"நீங்கதான் பட்டன் அண்ணனா?"

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர். ஆமாம்மா என்றேன்.

"உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாருண்ணா. மோட்டார் போடப் போனா சீக்கிரம் வர மாட்டாரு. கொட்டாய்ல உக்காந்துக்கினு ஒரே பாட்டு. மேல போற எடத்துல தொண்ட கிழியும், மறுபடியும் மொதல்லேர்ந்து. ஏன் இப்பிடி கத்தறீங்க, கொஞ்சம் எறக்கிதான் பாடுங்களேன்னு சொன்னா கேக்க மாட்டாரு."

"என்ன சொல்லுவான்?"

"'என் ஃப்ரெண்டு பொட்டி ரெண்டு கட்டையிலயே நின்னுப்போச்சி. அவனுக்கு எறக்கத் தெரியாது. நாமதான் ஏறிப் போவணும்'பாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தெரிந்துகொள்ளவேண்டும் என்று மட்டுமே கேட்டாள்: "இப்ப எறக்கத் தெரியுமாண்ணா உங்களுக்கு?"

"தெரியும்மா" என்றேன்.

அன்றைக்கே தெரியும். அதுதானே விஷயம். நீ தெரிந்துகொண்டே எனக்காக அப்படிச் சொன்னாயா, இல்லை நிஜமாகவே அப்படித்தான் நம்பினாயா? நான் மறந்துவிட்டேன், அவசரத்தில் இறக்கத் தெரியாமல் தவித்தேன் என்று இத்தனை வருஷம் என்மேல் இரக்கப்பட்டாயா? இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்காது. எது என்று கேட்க ஆளும் இல்லை.

அவள் என் போனுக்கு ஓர் ஆடியோ அனுப்பினாள். "போன வருசம் எடுத்தது. உங்களுக்கு அனுப்பணும் அனுப்பணும்னே இருந்தாரு. இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும்னு சொல்லிக்கினு வெச்சிருந்தாரு."

நான்கு மாதம் அதைத் திறக்கவில்லை. எத்தனையோ முறை விரல் அதன்மேல் போயிருக்கிறது. எடுத்துவிடுவேன். என் விரலுக்கு அது பழக்கமான வேலைதான்.

இன்றைக்குப் பிரேயர் முடிந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பட்டனை இறக்கப் போனேன், மனசு வரவில்லை. யாழினி வைத்துவிட்டுப் போன அந்த 2 அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கதவைத் தாழ்போட்டேன். போனை எடுத்து அழுத்தினேன்.

முதலில் மோட்டார் சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம். ஒரு காக்கா. நீ தொண்டையைச் செருமினாய். இன்னொரு போனிலோ எதிலோ தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக ஸாவை அழுத்திப் பார்த்தேன். சேர்ந்தது. ரெண்டு கட்டை, மயிரிழைகூட விலகவில்லை. அப்புறம் நீ சொன்னாய்:

"கட்ட?"

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாய். எனக்கு இடம் விட்டு. பிறகு பாடினாய். குரலில் வயது ஏறியிருந்தது, கொஞ்சம் மண் ஏறியிருந்தது. சரணத்தில் நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன், அந்த இடம் எனக்குத் தெரியும் என்பதால். நீ 'அனுப்பு' என்று மேலே போனாய். போய் நின்றாய். கிழியவில்லை. அங்கேயே நிதானமாக நின்றுவிட்டு, இறங்கி வந்தாய். என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மூன்று முறை கேட்டுவிட்டேன். வெளியே மூன்றாம் பீரியட் மணி அடித்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள், யாரோ யாரையோ கிள்ளுகிறார்கள், கேட்கிறது. திறக்கவேண்டும். திறந்து, பட்டனை ஒன்றுக்கு இறக்கி, அவர்களுக்கு அடுத்த மாதத்து ஆண்டுவிழாப் பாட்டைச் சொல்லித்தரவேண்டும். இனிமேல் எந்தப் பாட்டுக்கும் முன்னால் திரையைப் பார்த்து வாய்விட்டுக் கட்டையைச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெட்டியை ஒரு கட்டையிலேயே வைத்து, விரலை மட்டும் நகர்த்தி இரண்டு கட்டை வாசிக்க இந்த வயதில் வருமா தெரியவில்லை, அதையும் பார்க்கிறேன். உன்னால் தொண்டையை ஏற்ற முடிந்ததே.

கதவைத் திறப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை போட்டேன். மோட்டார். தண்ணீர். காக்கா. செருமல்.

"கட்ட?"

"ரெண்டு" என்றேன், சத்தமாகவே. "பாத்துட்டுதான் சொல்றன் மச்சான். அன்னிக்கும் பாத்தன்டா. நாலு சுத்து இருக்கும்போதே…"

அதற்குள் நீ பாட ஆரம்பித்துவிட்டாய்.